பாப்கார்னுக்கு யார் காஸ்டிங் போடுவது?

நிட்டிங் கூலியில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால் நாள்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கும் ஊர் திருப்பூர். நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒரு பனியனின் விலையைப் பைசா பைசாவாகப் பிரித்துக் காஸ்டிங் போடத் தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படத்துக்குப் போகும் அதே ஆட்கள்தான், இடைவேளையில் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வெளியே வந்து 'பகல் கொள்ளை' என்று பொருமுகிறார்கள். கொள்ளைதானா என்று இதற்கும் ஒரு காஸ்டிங் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தியேட்டர்காரர் பக்கம். தமிழ்நாட்டில் டிக்கெட் விலையை அவர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் அதை உயர்த்தியபோதும் மல்டிபிளெக்ஸுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய்தான். அதிலும் விநியோகஸ்தருக்குப் பங்கு உண்டு. பெரிய நடிகர் படமென்றால் முதல் வார வசூலில் பெரும்பகுதி அங்கே போய்விடும். ஏசி, கரண்ட் பில், ஆள் சம்பளம் எதுவும் படம் ஓடாவிட்டாலும் நிற்காது. யாருக்கும் பங்கு பிரிக்க வேண்டாத வருமானம் என்றால் அது முக்கியமாக கேன்டீன்தான்.

இதற்கு ஒரு பொருளாதார நியாயமும் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுத் திரையரங்குகளின் விற்பனைக் கணக்கை ரிக்கார்ட் கில், வெஸ்லி ஹார்ட்மன் என்ற ஆய்வாளர்கள் அலசி 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிக்கெட்டை மலிவாக வைத்துத் தின்பண்டத்தில் லாபம் எடுத்தால், செலவழிக்கத் தயாராக இருப்பவரிடம் கூடுதலாக வாங்கலாம். கை இறுக்கமானவரும் உள்ளே வரலாம் என்பது அதன் சாரம். கைமடி வேலை பார்க்கும் பெண்ணும், ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் இளைஞரும் வெறும் டிக்கெட் காசில் படம் பார்ப்பதற்கு, பக்கத்து இருக்கைக்காரர் வாங்கும் பாப்கார்னும் ஒரு காரணம். இந்த ஏற்பாட்டின் பலம் இதுதான்.

ஆனால் வாங்காமல் இருக்க முடிந்தால்தான் இந்த நியாயம் செல்லும். இரண்டு பிள்ளைகளோடு வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. டப்பாவில் கொண்டுவந்த முறுக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது. மூன்று மணி நேரப் படத்தில் பிள்ளைக்குப் பசிக்காமல் இருக்காது. ஆகவே இந்தக் கூடுதல் விலை பணக்காரர் மீது விழுவதைவிடப் பிள்ளைக்காரர் மீது விழுகிறது.

வெளி உணவுக்குத் தடை போடுவது சட்டப்படி சரிதான். 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி நரசிம்மா அமர்வு, தியேட்டர் தனியார் சொத்து என்றும், நிபந்தனை விதிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றும் சொல்லி, இந்தத் தடையை நீக்கச் சொன்ன ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவை ரத்து செய்தது. ஜிலேபி தின்ற கையை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்ற கேள்வியும் அந்த விசாரணையில் எழுந்தது, நியாயமான கேள்விதான். அதே வழக்கில்தான், குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்பதும் பதிவானது. தடையை அட்டையில் எழுதி வாசலில் மாட்டுகிற அரங்குகள், தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை அதே அளவு எழுத்தில் மாட்டுவதில்லை.

அடுத்தது அளவு. கவுன்டருக்கு மேலே ஒளிரும் போர்டில் ரெகுலர், மீடியம், லார்ஜ் என்றிருக்கும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் இருக்காது. "இன்னும் அம்பது ரூபா போட்டா லார்ஜே வந்துரும்ங்க" என்று பையன் சொல்ல, கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. ஜிஎஸ்எம் கேட்காமல் துணி வாங்காத ஊரில் பாப்கார்னுக்கு மட்டும் எடை கேட்பாரில்லை.

அப்படியானால் பாப்கார்னுக்கும் அரசே விலை வைக்கலாமா? வேண்டாம். டிக்கெட்டில் அழுத்திய லாபம்தான் கேன்டீனில் வீங்கியிருக்கிறது. அங்கேயும் அழுத்தினால் பார்க்கிங்கில் வீங்கும். விலை அசையாத ஒன்றும் அல்ல. 2023இல் நொய்டாவின் பிவிஆர் தியேட்டரில் ஒரு பாப்கார்னுக்கும் ஒரு பெப்சிக்கும் 820 ரூபாய் போட்ட பில் சமூக ஊடகத்தில் பரவியது. கொஞ்ச நாளில் பிவிஆர் ஐநாக்ஸ் வார நாள்களுக்கு 99 ரூபாய் சலுகையை அறிவித்தது. விலை அடக்கச் செலவால் மட்டும் ஏறவில்லை, கேட்க ஆளில்லாததாலும் ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

லாபம் வைப்பது தியேட்டர்காரர் உரிமை; அளவை மறைப்பது உரிமை ஆகாது. விலையும் எடையும் டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே தெரிய வேண்டும். தண்ணீர்க் குழாய் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சீல் போட்ட பாட்டிலுக்குத் தியேட்டருக்கென்று தனி எம்ஆர்பி அச்சிடுவதை 2018 ஜனவரி முதல் விதி தடுக்கிறது. அச்சிட்ட விலையைப் பார்த்து வாங்குங்கள். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. கூலிப் பிரச்சினைக்குப் படியேறிய துறையிடம் இதற்கும் மனு கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.