கோன் வந்தது, கோணல் போனது

மரவேலை ரூட்டர் வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும் இப்போது நான் விடுவதில்லை. "பேஸ் சென்டர் பண்ணியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. சித்தையன்கோட்டையில் என்னைத் தூரத்தில் கண்டாலே ஆசாரிமார் டீக்கடைக்குள் நழுவுகிறார்கள். நழுவட்டும்! இவ்வளவு சின்னச் சாமான் இவ்வளவு பெரிய வேலை செய்வதைப் பார்த்துவிட்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

சாமான் இதுதான்: 6 மில்லி கனத்தில் நேரான இரும்புத் தண்டு. அதன் மேல் ஆட்டமில்லாமல் வழுக்கி இறங்கும் ஒரு பித்தளைக் கூம்பு, அதாவது கோன். கடையில் தேடி அலைய வேண்டாம். பஸ் ஏறித் திண்டுக்கல் போனால் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பூட்டின் லீவர்களை அரத்தால் ராவிப் பொருத்திப் பேர் வாங்கி, 2019இல் புவிசார் குறியீடும் பெற்ற ஊர். அரை மில்லியின் அருமை அங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் போன பட்டறையில், "பாய், கூம்பு ஒரு பொட்டுகூட ஆடக் கூடாது" என்றேன். "ஆடினா காசு வேணாம் தம்பி" என்றார். ஆடவில்லை.

சரி, எதற்கு இந்தக் கூம்பு? கதவில் பூட்டின் முகத்தகடு பதிய ஒரு பள்ளம் எடுக்கிறோம் என்று வையுங்கள். ரூட்டரின் பேஸ் பிளேட்டில் மாட்டி, டெம்ப்ளேட்டின் ஓரத்தை உரசி ஓடும் குழல்தான் புஷ்; அது 10 மில்லி. அதன் நடுவே சுழன்று வெட்டும் பிட் 6 மில்லி. டெம்ப்ளேட்டின் ஓரத்திலிருந்து சுற்றிலும் 2 மில்லி உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். புஷ் அரை மில்லி விலகி நின்றால் ஒரு பக்கம் ஒன்றரை, எதிர்ப்பக்கம் இரண்டரை. ரூட்டரைத் திருப்பாமல் ஒரே முகமாகப் பிடித்துக்கொண்டு சுற்றினால் பள்ளம் மொத்தமாக நகருமே தவிர அளவு மாறாது. ஆனால் மூலைக்கு மூலை கை தன்னால் திரும்புமே! அங்கேதான் அளவு கெடுகிறது. பழியோ டெம்ப்ளேட்டுக்குப் போகும்.

சோதிக்க ஒரு நேர்ச்சட்டம் போதும். புஷ்ஷைச் சட்டத்தோடு ஒட்டி ஒரு பள்ளம் ஓட்டுங்கள். ரூட்டரை அப்படியே நேரெதிராகத் திருப்பி, அதே தடத்தில் இன்னொரு முறை. 6 மில்லிப் பள்ளம் 7 ஆகிவிட்டால், சட்டத்துக்குக் குறுக்கே விலகல் அரை மில்லி.

இனி மருந்து. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ரூட்டரைக் கவிழ்த்து, பிட் இருக்கும் இடத்தில் தண்டை மாட்டி இறுக்குங்கள். பேஸ் பிளேட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு, கூம்பின் குறுகிய முனையைப் புஷ்ஷுக்குள் இறக்கி விரலால் லேசாக அழுத்துங்கள். அந்தக் கணம் இருக்கிறதே! பிளேட் தானாக ஒரு மயிரிழை நகர்ந்து உட்காருவது விரலுக்கே தெரியும். அப்படியே அமுக்கிக்கொண்டு, கார் டயர் நட்டு மாதிரி எதிரெதிராக ஸ்க்ரூக்களை இறுக்கினால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற காரியம்.

ஒன்றைக் கவனியுங்கள். கூம்புத் தலை ஸ்க்ரூவாக இருந்தால் அது தன் குழியிலேயே போய் உட்காரும், பிளேட்டை நகர விடாது. துளையைச் சற்றே பெரிதாக்கி, தட்டைத் தலை ஸ்க்ரூ போட வேண்டும். சின்ன ட்ரிம்மர் ரூட்டரில் பேஸின் கிளாம்பை இறுக்கும்போதே பேஸ் கொஞ்சம் நெளியும். அதனால் வேலை செய்யும் ஆழத்தில் வைத்து, கிளாம்பை இறுக்கிய பிறகே சென்டர் பாருங்கள்.

இதன் முழு ருசியும் மரத்தில் மரம் பதிக்கும் வேலையில்தான். ஒரே டெம்ப்ளேட், புஷ்ஷின் மேல் வளையம் மாட்டிப் பள்ளம், வளையத்தைக் கழற்றிவிட்டு அதில் பதிக்கும் துண்டு. சென்டர் விலகினால் எங்காவது இடுக்குத் தெரிந்தே தீரும். கோன் வந்த பிறகு தேக்குப் பலகையில் மாமரத் துண்டு ஒன்றைப் பதித்தேன். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் பிளேடு நுனி நுழைய இடமில்லை! பெரிய ரூட்டருக்கு அரை இஞ்சுத் தண்டோடு இன்னொரு கோன் வேண்டுமென்று பாயிடம் சொல்லியாயிற்று.