மூச்சைக் காட்டும் திரை

பெரகல, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தூள் சலிக்கும்போது பறக்கும் தூசு கண்ணுக்குத் தெரியும். அது நெஞ்சுக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்பது தெரியாது. தேயிலை வேலையால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி நம் இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதினார். தூசு போகும், கண்ணுக்கு எட்டாத அந்தப் பாதையைத்தான் கணினித் திரை திறந்து காட்டுகிறது. மூச்சுக்குழாய் 23 தடவை இரண்டிரண்டாகக் கிளைப்பதாக உடற்கூற்றியலாளர் எவால்ட் வைபல் 1963இல் வகுத்த மாதிரி, ஏட்டில் வெறும் அளவு அட்டவணை. அதற்கு வண்ணம் கொடுத்து ஓடவிட்டால், பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடுவது தெரிகிறது. கிளைகள் பெருகப் பெருக மொத்தப் பரப்பு விரிந்து காற்று தளர்வதும், அந்த மந்தத்தில் நுண்துகள்கள் மெல்லப் படிவதும் தெரிகின்றன. எத்தனை அழகான கணக்கு அது!

அழகான படம் தவறான மாதிரியையும் நம்பவைத்துவிடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். வைபலின் மரம் இருபுறமும் ஒரே சீர். மனித உடலிலோ வலக் கிளை அகலமானது, செங்குத்தானது. ஆனால் அந்த மரத்தின் படத்தைச் சிடி ஸ்கேன் படத்தோடு அருகருகே வைத்தால் அந்தப் பிசகு உடனே புலப்படும். அட்டவணையில் அது ஒளிந்தேயிருக்கும். இந்தப் படங்களை முதலில் பார்க்க வேண்டியவர்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு சலிக்கும் அறையில் நிற்கிறவர்கள்.