திருந்தாத மொழியும் பெயரில்லாத ஆசிரியரும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகத்தில் பழங்குடி வழக்காறுகள் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. நீலகிரியிலிருந்து கோத்தர் இசைக்குழு ஒன்றை அழைத்து வந்திருந்தார்கள். துணைவேந்தர் காரிலிருந்து இறங்கி மேடைக்குப் போகிறவரை குழலும் மேளமும் கொம்பும் முழங்கின. அதற்குப் பிறகு அவர்களுக்கு அங்கே வேலையில்லை. வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே அவர்களுடைய சாவுச் சடங்கு பற்றியும் சாமி பற்றியும் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. மத்தியானம் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உடனே ஒரு மாணவர் ஓடி வந்து, ‘ஐயா, உங்களுக்குச் சாப்பாடு அந்தப் பக்கம்’ என்றார். பெரியவர் எழுந்து போனார். பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. ஊரார் சாவுக்குப் பறையடித்துவிட்டுத் தெருக்கோடியில் கூலிக்குக் காத்து நின்றவரின் பேரன் நான்.

அந்த மௌனத்துக்கான பயிற்சியை எம்.ஏ. வகுப்பிலேயே பெற்றிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. மொழி வரலாற்றுத் தாளில் கால்டுவெல்லைப் படித்தோம். 1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கப்பட்ட ஒப்பிலக்கணம் அது. திராவிட மொழிகள் பன்னிரண்டு. திருந்திய மொழிகள் ஆறு, திருந்தாத மொழிகள் ஆறு. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஒரு பக்கம். தோடா, கோத்தம், கோண்டு, கூ, ஓராவோன், ராஜ்மகால் மறுபக்கம். இதை மனப்பாடம் செய்து எழுதினால் முழு மதிப்பெண்.

‘திருந்தாத’ என்ற வார்த்தை எங்க தெருவுக்குப் புதுசு இல்லை. ‘இதுங்கல்லாம் திருந்தாத ஜென்மம்’ என்று பண்ணையார் சொல்வார், போலீஸ்காரர் சொல்வார், பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சொல்வார். அதே வார்த்தையை மொழியியல் என்ற பெயரில் படித்தபோது எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. எழுத்திலக்கியம் இருந்தால் திருந்திய மொழி, இல்லாவிட்டால் திருந்தாதது என்பது வகுப்பில் தந்த விளக்கம். ஆனால் துளுவுக்குச் சொல்லும்படியான இலக்கியம் இல்லை என்று கால்டுவெல்லே எழுதுகிறார்; எழுதிவிட்டு அதைத் திருந்திய வரிசையில் வைக்கிறார். அப்படியானால் அளவுகோல் இலக்கியம் மட்டும்தானா? பேசுகிறவர் யார், எங்கே இருக்கிறார், அவரை ஊர் எப்படி மதிக்கிறது என்பதும் அந்தப் பட்டியலுக்குள் புகுந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். கால்டுவெல்லுக்கு நாம் பட்ட கடன் பெரிது. தமிழ் வடமொழியின் பிள்ளை அல்ல என்று நிறுவியவர். அந்தக் கடனுக்காக இந்தப் பட்டியலையும் கும்பிட வேண்டியதில்லை.

சரி, ‘திருந்தாத’ மொழியிடம் நம்மிடம் இல்லாதது ஒன்று இருக்கிறது. ‘காற்று’ என்று எழுதுகிறோம். எங்க ஊரில் ‘காத்து’ என்கிறோம். தொல்காப்பியம் தனியாகப் பிறப்பிடம் சொல்லும் அந்த வல்லின றகரம் தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் கரைந்துவிட்டது. கோத்தரும் தோடரும் த, ற, ட மூன்றையும் இன்றும் நாவில் வேறுபடுத்தி வைத்திருக்கிறார்கள். தொன்மையில் பெருமைப்படும் தமிழ்த் துறைகள், அந்தத் தொன்மையின் ஒரு துண்டை நாக்கில் வைத்திருப்பவர்களைத் திருந்தாதவர்கள் என்று பாடம் நடத்துகின்றன. அவர்களுடைய சொற்கள் மட்டும் நமக்குத் தேவைப்படுகின்றன. பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால், தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் சுருக்கக் குறியோடு கோத்தச் சொல்லும் தோடச் சொல்லும் வரிசையாக வரும். தமிழின் பழமைக்குச் சாட்சி சொல்ல ஒரு சமூகத்தையே இரண்டெழுத்தாகச் சுருக்கிக் கூண்டில் ஏற்றுகிறோம். சாட்சி சொன்னதும் இறக்கிவிடுகிறோம். நான் படித்த துறையின் நூலகத்தில் அந்த அகராதி இருந்தது. அந்தச் சொற்கள் உயிரோடு உலவும் கோத்தக் கதைகள் இல்லை.

அந்தக் கதைகள் புத்தகமாக வந்திருக்கின்றன. எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிக் களப்பணி செய்தவர். ‘கோத்தப் பனுவல்கள்’ 1944க்கும் 1946க்கும் இடையில் நான்கு பாகங்களாகக் கலிபோர்னியாவில் அச்சாயின. அட்டையில் எமனோ பெயர். கதைகளைச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் படித்தவர். எமனோ அவர் பெயரை மறைக்கவில்லை, மதிப்போடுதான் குறிப்பிடுகிறார். ஆனாலும் கதை சொன்னவர் ‘தகவலாளி’, எழுதிக்கொண்டவர் ‘ஆசிரியர்’. எமனோ என்ற தனிமனிதரைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. பல்கலைக்கழகம் என்ற அமைப்பு அறிவைப் பங்கு பிரிக்கும் முறையே இதுதான். விதை ஒருவருடையது, பட்டா இன்னொருவருக்கு.

சுள்ளி கதை சொல்லி மட்டுமில்லை. டேவிட் மாண்டல்பாம் என்ற மானிடவியலாளர் 1960இல் வந்த ஒரு தொகுப்பில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதில் சுள்ளி தன் மக்களைச் சீர்திருத்த முனைந்தவராக வருகிறார். கோத்த ஆண்கள் நீளமுடி வளர்த்த காலத்தில் முடியை வெட்டிக்கொண்டவர். பிற சமூகங்களின் சாவுக்குக் கோத்தர் வாசிப்பதும் செத்த மாட்டைத் தின்பதும் தம்மைத் தாழ்த்துகின்றன, விட வேண்டும் என்று நின்றவர். ஊர்ப் பெரியவர்களின் பகையைச் சம்பாதித்தவர்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது எங்க சேரிக் கதை. படகருக்கும் தோடருக்கும் சாவுக்கு வாசிப்பது, மண்பாண்டம் கொடுப்பது, இரும்பு வேலை, மரவேலை செய்வது, அதற்கு ஈடாகத் தானியமும் பொருளும் பெறுவது: இதை ‘நீலகிரிப் பழங்குடிகளின் பரஸ்பர உறவு’ என்று பாடப்புத்தகம் அழகாகச் சொல்கிறது. எங்க ஊரில் வெட்டிமைக்கும் ‘ஊர்க்கட்டு’ என்று அழகான பெயர் இருந்தது. வாசித்தவர்களில் ஒருவர், ‘ஏன் நாங்க வாசிக்கணும்?’ என்று கேட்டிருக்கிறார். ஆய்வாளரோ எந்தத் தாளம், எத்தனை அடி, எந்தச் சடங்கில் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். பறையைக் கொளுத்தியவர்களும் உண்டு, அதையே எதிர்ப்பின் கருவியாக மேடையேற்றியவர்களும் உண்டு; நம்மிடையே அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கோத்தரும் தங்கள் இசையைத் தங்கள் சாமிக்கு வாசிக்கலாம், மேடையில் வாசிக்கலாம், வாசிக்காமலும் இருக்கலாம். அது அவர்கள் முடிவு. ஆனால் அந்த விவாதம் அவர்களுக்குள்ளும் நடந்திருக்கிறது என்பதையே சொல்லாமல், வாசலில் நிறுத்தி வாசிக்கச் சொல்லி ‘மரபு’ என்று கைதட்டும் கருத்தரங்கு, சுள்ளி விடச் சொன்ன வேலையை அவர் பேரப்பிள்ளைகள் கையில் திருப்பிக் கொடுக்கிறது.

‘எமனோ எழுதி வைக்காவிட்டால் இந்தக் கதைகளே மிஞ்சியிருக்காதே’ என்று கேட்கலாம். நியாயம்தான். எழுதி வைத்ததில் எனக்கு வழக்கில்லை. எழுதி வைத்தது யார் கைக்குத் திரும்பியது என்பதுதான் வழக்கு. ஒலிக்குறியீட்டிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் அந்தக் கதைகள் கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைக்குத் தன் பாட்டன் சொத்தாக எப்போது கிடைக்கும்?

வேறு வழி இருக்கிறது என்பதற்கு ராஞ்சி சாட்சி. ராம் தயாள் முண்டா ஆதிவாசி. சிகாகோவில் படித்து, மின்னசோட்டாவில் பேராசிரியராக இருந்தவர். 1980களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகளுக்கான துறையைக் கட்டி எழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, கரியா, குடுக் எல்லாம் அங்கே முதுகலைப் பாடங்கள். குடுக் என்பது வேறொன்றுமில்லை, கால்டுவெல் திருந்தாத வரிசையில் வைத்த அதே ஓராவோன்தான். முண்டா பிறகு துணைவேந்தரும் ஆனார். நகாராவும் புல்லாங்குழலும் வாசிப்பவர், மாணவர்களோடு சேர்ந்து ஆடுபவர். அங்கே துணைவேந்தரை வரவேற்க மேளக்காரரைத் தேட வேண்டியிருக்கவில்லை, துணைவேந்தரே மேளக்காரர். ஜார்க்கண்ட் போராட்டத்திலும் அவர் முன்னால் நின்றார். 2000இல் மாநிலம் பிறந்தது. 2011இல் அவர் மறைந்தார். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆதிவாசி அங்கே பாடமாக மட்டும் இல்லாமல் பாடம் நடத்துபவராகவும் இருந்தார் என்கிறேன்.

இங்கே தமிழ் படிக்கும் தோழர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ‘திருந்தாத மொழி’ என்று விடைத்தாளில் எழுத மறுப்போம். மதிப்பெண் போனால் போகட்டும் என்று சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும். நான் எழுதித்தான் பட்டம் வாங்கினேன். ஆய்வுக்குப் போனால் கதை சொன்னவர் பெயரை அட்டையில் போடுவோம், அவர் மொழியிலேயே ஒரு பிரதியை அவர் ஊரில் கொண்டுபோய்க் கொடுப்போம். தலித் என்ற முறையில் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஆராயப்பட்டவர்களாக இருந்த நாம் ஆராய்ச்சியாளர் ஆனதும், கடைசி வரிசையில் வந்து உட்காரும் பெரியவரைப் பார்க்காதது மாதிரி இருக்கப் பழகிவிடுகிறோம். நான் பழகியிருந்தேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது, ‘பெரியவரே, உட்காருங்க, கட்டுரை உங்களைப் பத்தித்தான். தப்பா இருந்தாச் சொல்லுங்க’ என்று கையைப் பிடித்து உட்கார வைப்பது மட்டும்தான்.