வீட்டாரைக் குறிக்கும் பன்மை

அண்மையில் எனக்கு வந்த திருமண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில், மணமகன் வீட்டாரைக் குறிக்க, அவன் தந்தையின் பெயருக்குப் பின் அபாஸ்டிரபி இட்டு ‘எஸ்’ சேர்த்திருந்தனர். இது பிழை. அக்குறி உடைமையைக் காட்டும். முத்துசாமியினுடைய எது என்ற கேள்வியே எழும். பெயரின் பன்மைக்குக் குறி வேண்டா. கென்னடி வீட்டாருக்கு ‘எஸ்’ மட்டும் சேரும். ‘எஸ்’ஸில் முடியும் ஜோன்சுக்கு ‘இ, எஸ்’ சேரும்.

தமிழ்ப் பக்கமோ ‘முத்துசாமிகள்’ என்றது. இது அதனினும் வருந்தத்தக்கது. ‘கள்’ விகுதியைத் தொல்காப்பியர் அஃறிணைக்கே கூறினார். பின்னர் அது உயர்திணைக்கும் வந்தது. ஆயினும் சுவாமிகள், அடிகள் என்பவற்றில் ஒருவரையே உயர்த்திக் கூறுகிறது. எனவே ‘முத்துசாமிகள்’ என்றால், மணவீட்டார் நினைவு வராது. துறவி ஒருவரின் நினைவே வரும்!

நம்மவரிற் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே உண்டு. அதைப் பன்மையாக்கினால் மைந்தரும் மருமகளும் அதனுள் அடங்குவரோ? ‘முத்துசாமி குடும்பத்தார்’ என்றால் அனைவரும் அடங்குவர். ‘வீட்டார்’ என்பதும் நன்றே.

வாயிற் பலகையிலும் அழைப்பிதழிலும் காண்பதையே தோட்டத்துப் பிள்ளைகள் தேர்வுத் தாளில் எழுதுகின்றனர். நான் சிவப்பு மையால் திருத்தினால், “அழைப்பிதழில் அச்சாகியுள்ளதே ஐயா!” என்கின்றனர். அச்சிடுமுன் பெரியோர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.