அட்டை ஒன்று, சேலை பல

ஆரணியில் ஒரு பட்டுத் தறிக்கு முன் நின்று அண்ணாந்து பார்த்தால், ஜக்கார்டு பெட்டியிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த டிசைன்தான் அவற்றில் துளையாக ஏறியிருக்கிறது. எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதை மட்டுமே அட்டை சொல்லும். ஊடையின் நிறம் அரக்கா, மயில்கழுத்தா என்பது அதற்குத் தெரியாது. தெரியாததால்தான் ஒரே அட்டைக்கட்டில் பல நிறச் சேலைகள் இறங்குகின்றன.

ஒரு நூலை எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் மூலக்கோப்பாக ஒருமுறை அமைத்துவிட்டு, அச்சு, இணையம், மின்னூல் என்று பல வடிவங்களில் எடுப்பதும் இதே கணக்குதான். ‘தடித்த எழுத்து, பதினெட்டு பாயின்ட்’ என்று மூலத்தில் எழுதுவதில்லை. ‘இது தலைப்பு, இது பாட்டின் அடி, இது உரை’ என்று மட்டும் குறிக்கிறோம். தோற்றத்தை அந்தந்த வடிவத்துக்கான நடைத்தாள் பார்த்துக்கொள்ளும்.

இதன் அருமை தமிழுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. எக்ஸ்எம்எல் தரமாக அறிவிக்கப்பட்டது அடுத்த மாதம். கணினியில் தமிழ் எழுத்துகளுக்கே பொதுக் குறியாக்கம் நிலைபெறாத காலம் அது. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் ஒரு கோப்பு, யூனிகோடில் ஒன்று, பிடிஎப்பாக ஒன்று என்று ஒரே நூல் பல உருவில் உலவினால், ஒரு எழுத்துப்பிழையை ஒவ்வொன்றிலும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் எது சரியான பாடம் என்ற குழப்பம் வந்துவிடும்.

2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற மின்னூல் தளம் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎப் என்று தந்தது. பிறகு அமேசானே தன் கிண்டிலுக்கான மோபியை ஓரங்கட்டிவிட்டு ஈபப்பை ஏற்கத் தொடங்கியது. மூலம் கையில் இருப்பவருக்கு இதில் போவது ஒரு நடைத்தாள். மோபி மட்டும் வைத்திருப்பவருக்கு நூலே ஆட்டம் காண்கிறது.

குறை எங்கே? நாலடி வெண்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று. ஏ4 தாளில் அந்த வடிவம் கண்ணிலேயே தெரியும். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காம் சீர் கீழே சரிந்து, நாலடி ஏழு வரியாகிவிடும். ஈற்றடி குறுகுவதன் அழகு போய்விடும். ‘அடி’ என்று மூலத்தில் குறித்திருந்தால், சரிந்த சீரை உள்தள்ளிக் காட்டி ஓரளவு காப்பாற்றலாம். பாட்டு ஒரு பக்கம், உரை எதிர்ப்பக்கம் என்று திட்டமிட்ட பதிப்பை எந்தக் குறியீடும் சிறு திரைக்குள் அப்படியே அடக்காது. 240 கொக்கிக்கு வெட்டிய அட்டை 120 கொக்கிப் பெட்டியில் ஓடாது. டிசைனைத் திரும்ப வரையத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை மனிதர்களிடம் இருக்கிறது. நாளை அச்சு என்றால் இன்றிரவு ஒரு பிழை கண்ணில் படும். மூலத்தைத் திறந்து திருத்தி எல்லா வடிவங்களையும் மறுபடி எடுக்கப் பொறுமை இருக்காது. பிடிஎப்பில் மட்டும் தட்டிவிடுவார்கள். அடுத்த பதிப்பில் பழைய பிழை சிரித்துக்கொண்டு வந்து நிற்கும். அட்டையில் ஒரு துளை தப்பினால் டிசைன் திரும்பும் இடமெல்லாம் இழை தப்பும். அதைச் சேலையில் ஒட்டுப்போட்டுத் தீர்க்க முடியாது. அட்டையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆகவே இந்த முறை எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஒருமுறை அச்சிட்டு மறந்துவிடும் விழா மலருக்கு இது வீண்செலவு. பக்கத்துக்குப் பக்கம் ஓவியத்தோடு இழைந்து வரும் கவிதைநூலைக் கைப்பட வடிவமைப்பதே மேல். அகராதி, பாடநூல், உரையோடு வரும் பழந்தமிழ் நூல் என்று திருத்தம் ஓயாத, ஆயுள் நீண்ட நூல்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பதிப்பகத்தில் ஒருவராவது, அச்சுக்கு முந்தின இரவிலும், மூலத்தைத் திறந்து திருத்துபவராக இருக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் ஒற்றை மூலம் என்பது இன்னொரு பழைய கோப்புதான்.