ஜிபிஎஸ் கடிகார வரைபடமும் தருமபுரி மலைத்தடங்களும்

மலையேறுவோர் காகித வரைபடத்தையோ கைபேசியையோ எடுக்காமல், மணிக்கட்டில் கட்டிய ஜிபிஎஸ் விளையாட்டுக் கடிகாரத்தின் திரையிலேயே வழி பார்த்து நடக்கும் வழக்கத்துக்கு வயது ஏறத்தாழப் பத்தாண்டு. ஓட்டத்தின் வேகத்தையும் இதயத் துடிப்பையும் கணக்கிடுவதற்கென்று பிறந்த இக்கருவியில், மேடு பள்ளங்களும் பாதைகளும் ஓடைகளும் குறித்த முழு வரைபடத்தைக் கார்மின் நிறுவனம் 2015இல் எபிக்ஸ் என்னும் கடிகாரத்திலும் 2017இல் ஃபீனிக்ஸ் 5எக்ஸ் கடிகாரத்திலும் ஏற்றித் தந்தது. சூன்டோ, கோரோஸ், போலார் முதலிய நிறுவனங்களும் பின்னர் அவ்வழியில் வந்தன. இவ்வழக்கத்தைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் ஆல்ப்ஸ் போன்ற, ஒவ்வொரு கிளைப்பாதையும் பதிவாகி வழிப்பலகை நடப்பட்ட மலைகளில் நடந்து பார்த்தவர்களால் எழுதப்பட்டவை. வத்தல்மலை, சித்தேரி, தீர்த்தமலை, ஒகேனக்கல்லைச் சூழ்ந்த பென்னாகரம் காடுகள் எனக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய குன்றுத்தொடர்களைக் கொண்ட தருமபுரி மாவட்டத்துக்கு அம்மதிப்பீடுகளை அப்படியே பொருத்த இயலாது.

கடிகாரத் திரையில் காணப்படுவது ஒரே படம்போலத் தோன்றினாலும், அதில் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. நடப்பவர் நிற்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி முதலாவது. அதன் அடியில் விரிந்திருக்கும் நிலப்படம் இரண்டாவது. பின்பற்றுவதற்கென்று முன்கூட்டியே ஏற்றப்பட்ட தடக்கோடு மூன்றாவது. முதலாவது செயற்கைக்கோளிலிருந்தும், இரண்டாவது யாரோ எப்போதோ தொகுத்த தரவிலிருந்தும், மூன்றாவது பெரும்பாலும் முன்பு நடந்த வேறொருவரின் பதிவிலிருந்தும் வருகின்றன. இவற்றின் நம்பகத்தன்மை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறது. ஆனால் திரை மூன்றையும் ஒரே உறுதியோடு காட்டுகிறது. இவ்வழக்கத்தின் நிறைகுறைகள் பலவும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

இம்மூன்றில் முதலாவதே வலுவானது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சைகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கியபின், திறந்த வானத்தின்கீழ் ஐந்து மீட்டரை ஒட்டிய துல்லியம் எளிய கருவிகளுக்கும் கைகூடியது. அண்மைக்காலக் கடிகாரங்கள் சில எல்1, எல்5 என்னும் இரண்டு அலைவரிசைகளையும் ஒருங்கே வாங்கி, பாறையில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வரும் சைகையை நேராக வரும் சைகையிலிருந்து பிரித்தறிகின்றன. காவிரி பாறைகளைக் குடைந்து ஓடும் ஒகேனக்கல் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், வானத்தின் பெரும்பகுதியைப் பாறைச்சுவர் மறைப்பதால், இந்த வேறுபாடு நடைமுறையிலேயே தெரியும். மேலும், கடிகாரம் செயற்கைக்கோளின் சைகையை வாங்குகிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை என்பதால், வரைபடம் முன்பே ஏற்றப்பட்டிருந்தால் கைபேசிக் கோபுரம் எட்டாத மலை மடிப்புகளிலும் அது குறைவின்றி இயங்கும். தொடர்பு கிடைக்காத காட்டில் கைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தீர்த்துக்கொள்வதை நோக்க, இது சிறிய நன்மையன்று.

நிலப்படத்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது. கடிகாரங்களில் வரும் வரைபடங்கள் பெரும்பாலும், 2004இல் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வரையப்பட்டுவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த தரவிலிருந்து சாலைகளையும் பாதைகளையும் எடுத்துக்கொள்கின்றன. நடப்பவரும் வரைபவரும் மிகுந்த நாடுகளில் அத்தரவு செறிவாகவும், அத்தகையோர் குறைந்த இடங்களில் மெலிந்தும் இருக்கும். சித்தேரி மலையின் சிற்றூர்களுக்கிடையே நாள்தோறும் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று திரையில் இல்லாமலிருப்பதற்கும், என்றோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரோ இழுத்த கோடு பாதையெனக் காட்டப்படுவதற்கும் இதுவே காரணம். வத்தல்மலை போன்ற இடங்களில், கொண்டையூசி வளைவுகளோடு தார்ச்சாலை ஏறியபின், சமவெளிக்கு இறங்கப் பயன்பட்ட பழைய நடைபாதைகளில் கால் படுவது குறைகிறது. கால் படாத பாதையை உண்ணிச்செடி மூடிவிடும். அத்தகைய பாதையைத் திரை காட்டும். இறங்க முற்பட்டவர் முள்ளுக்குள் நின்றுகொண்டு, தாம் பாதையின்மீதே நிற்பதாகக் கடிகாரம் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சமஉயரக் கோடுகளுக்கும் இதே கவனம் தேவை. கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் இக்கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் மென்மை என்று படிக்கப்படுகின்றன. கடிகாரங்களில் வரும் கோடுகளில் பெரும்பகுதி அளவையாளர்கள் நிலத்தில் நடந்து வரைந்தவை அல்ல. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து ரேடாரால் அளந்த தரவு போன்றவற்றிலிருந்து கணினியால் பிறந்தவை. ஏறத்தாழ 30 மீட்டர் சதுரக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் என்பது அத்தரவின் நுணுக்கம். ஆகவே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் பாறைச் செங்குத்து கோட்டில் ஒரு சாதாரணச் சரிவாகக் கரைந்துபோகும். அடர்ந்த காட்டிலோ ரேடார் தரையை எட்டாமல் மரத்தலைகளின் உயரத்தையும் சேர்த்தே பதிந்திருக்கும்.

இந்த மலைகள் வரைபடத்தில் மெலிந்திருப்பதற்கு வரலாறும் உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு வந்த பாரமகால் பகுதியில், அலெக்சாண்டர் ரீடு தலைமையில் தாமஸ் மன்றோ உள்ளிட்ட அலுவலர்கள் நடத்திய நில அளவை, வரி விதிக்கும் நோக்கத்தோடு விளைநிலத்தைத்தான் நுணுகி அளந்தது. மலையும் காடும் முறையாகத் தாளேறியது இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களில்தான். நிலத்தின் ஒரு கிலோமீட்டரைத் தாளில் இரண்டு சென்டிமீட்டராகச் சுருக்கும் அத்துறையின் 1:50,000 அளவுப் படங்கள், 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோட்டோடு, கிணறு, கோயில், காப்புக்காட்டு எல்லை ஆகியவற்றையும் குறிப்பவை. பழைய எண்முறையில் தருமபுரியும் அரூரும் 57 எல் தொகுதியிலும், ஒகேனக்கல் 57 எச் தொகுதியிலும், சித்தேரி 58 ஐ தொகுதியிலும் அடங்கும். இவற்றில் சாலைகள் காலாவதியாகியிருக்கலாம். ஆனால் முகடும் ஓடையும் இடம் மாறுவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுருவை, அதாவது பூமியின் வடிவத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட கணக்கை, அடிப்படையாகக் கொண்டவை, கடிகாரமோ டபிள்யூஜிஎஸ் 84 என்னும் இன்றைய கணக்கைப் பின்பற்றுகிறது. கடிகாரம் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றமின்றிப் பழைய தாளில் குறித்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இச்சிக்கல் இல்லை.

தாளையும் திரையையும் பரப்பளவில் ஒப்பிடுவது பயனுள்ளது. ஒரு 1:50,000 தாள் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் சதுரமாக இருந்து, 27 கிலோமீட்டர் சதுர நிலத்தை ஒரே பார்வையில் தருகிறது. 1.4 அங்குல விட்டமுள்ள கடிகாரத் திரை அதே அளவையில் 1.8 கிலோமீட்டர் அகல வட்டத்தையே காட்டும். பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு. பெரிய பரப்பைக் காண விலக்கினால் பாதைகள் மறைந்து நிறத்திட்டுகளே எஞ்சும். நெருக்கினால் நடப்பவரைச் சுற்றியுள்ள சில நூறு மீட்டர் மட்டும் தெரியும். எனவே, அடுத்த ஓடை எந்தப் பள்ளத்தாக்கில் விழுகிறது, பாதை தவறினால் எந்தத் திசையில் இறங்கினால் ஊர் வரும் என்பன போன்ற முழுமை சார்ந்த கேள்விகளுக்குத் திரை விடை தராது. அன்றாடம் கடிகாரத்தையே நம்பி நடப்பவர், ஒரு மலையை முழுவதும் சுற்றிவந்த பின்னரும் அதன் அமைப்பை மனத்தில் வாங்காமலே திரும்பக்கூடும் என்பது இவ்வழக்கத்தின் ஆழமான குறை.

இது கிளைப்பாதையில் தெளிவாக வெளிப்படும். ஜிபிஎஸ் ஓர் இடத்தை அறியுமே தவிர, நிற்பவர் எப்பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதை அறியாது. இடம் மாறும்போதுதான் அது திசையைக் கணிக்கிறது. இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில், வரைபடத்தைப் பார்ப்பதற்காகவே ஒருவர் நின்றவுடன், திசையைச் சொல்லும் பொறுப்பு கடிகாரத்தின் உள்ளிருக்கும் காந்தத் திசைகாட்டிக்குச் செல்கிறது. அது சீர்செய்யப்படாமலிருந்தாலோ, கையிலுள்ள இரும்புப் பொருள் அருகிலிருந்தாலோ படம் தட்டாமாலை சுற்றும். இடப்பக்கப் பாதை வலப்பக்கமாகத் தோன்றும். பாதைகள் குறுங்கோணத்தில் பிரியுமானால் ஐந்து பத்து மீட்டர்ப் பிழைக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால், எதில் நடக்கிறோம் என்பது ஐம்பது அறுபது மீட்டர் கடந்த பின்னரே தெரியவரும். பழகியவர்கள் அத்தூரம் நடந்துபார்த்து, தடக்கோட்டிலிருந்து அம்பு விலகினால் திரும்பிவிடுகிறார்கள். பழகாதவர்கள் நின்ற இடத்திலேயே முடிவெடுக்கிறார்கள்.

உயரக் கணக்கிலும் வெப்பமண்டலத்துக்கே உரிய ஒரு பிழை உண்டு. தரமான கடிகாரங்கள் காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணிக்கின்றன. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஒன்பது மீட்டரளவு ஏறிவிட்டதாகக் கொள்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்தையும் மாலை நான்கு மணியளவில் தாழ்வையும் நாள்தோறும் தொடுகிறது. இடைப்பட்ட வேறுபாடு மூன்று ஹெக்டோபாஸ்கலை ஒட்டியது. தீர்த்தமலை அடிவாரத்தில் நாள் முழுவதும் அசையாமல் அமர்ந்திருப்பவரின் கடிகாரமும் மாலைக்குள் ஏறத்தாழ 25 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டக்கூடும். ஒரு சமஉயரக் கோட்டு இடைவெளியைவிட இது மிகுதி. உயரம் தெரிந்த இடங்களில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதே இதற்குத் தீர்வு.

மூன்றாவதான தடக்கோட்டில்தான் இவ்வழக்கத்தின் தலைசிறந்த பயனும் பெரிய அபாயமும் ஒருங்கே இருக்கின்றன. நடப்பவரின் சொந்தத் தடத்தைக் கடிகாரம் நொடிதோறும் பதிந்துகொண்டே வருவதால், எந்த நேரத்திலும் வந்த வழியே திரும்பும்படி அதைக் கேட்கலாம். நிலப்படம் வெறுமையாக இருந்தாலும், மூடுபனி இறங்கினாலும், இருட்டிவிட்டாலும் இந்தப் பயன் குறைவதில்லை. ஏனெனில் அத்தடம் அன்று காலை அதே கால்கள் நடந்து மெய்ப்பித்த தடம். வரைபடத் தரவு மெலிந்த தருமபுரி போன்ற இடத்தில் கடிகாரம் வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதே தடத்தை மற்றவர் இணையத்திலிருந்து எடுத்துத் தம் கடிகாரத்தில் ஏற்றும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. அது எந்தப் பருவத்தில், யாருடைய துணையோடு, என்ன அனுமதியோடு நடக்கப்பட்டது என்பதை அக்கோடு சொல்வதில்லை. மாவட்டத்தின் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு, அதாவது வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றமாகும் காடு. ஒகேனக்கல்லை ஒட்டிய காடுகள், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தோடு சேர்ந்து யானைகள் நடமாடும் நிலம். திரையில் மெல்லிய கோடாகத் தெரியும் பாதை கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடமாகவும் இருக்கலாம். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்துக்குப் பிறகே, தமிழக அரசு அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ எப்பக்கம் ஏறும் என்பதையும் எந்தக் கடிகாரமும் காட்டாது.

இத்தகைய வேளையில் உதவி கேட்பதற்கும் கடிகாரத்தை நம்ப இயலாது. விழுந்ததை உணர்ந்து உற்றாருக்குச் செய்தி அனுப்பும் வசதி பெரும்பாலான கடிகாரங்களில் கைபேசித் தொடர்பின் வழியாகவே இயங்குகிறது. தொடர்பில்லாத பள்ளத்தில் அது ஊமை. மேலைநாட்டு மலையேறிகள் இதை ஈடுசெய்ய வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமமின்றி வைத்திருக்க முடியாது. அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் தடுத்துவைக்கப்பட்டதும் உண்டு. வெளிநாட்டு மதிப்பீடுகளை இங்கே பொருத்த இயலாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வத்தல்மலையிலும் சித்தேரியிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (பெயர் ஒத்திருப்பினும் இவர்கள் கேரள மக்கள் அல்லர், தமிழ் பேசுவோர்) எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தப் பாதை மூடிவிட்டது என்பதை அன்றாட வாழ்விலிருந்தே அறிந்தவர்கள். வழித்துணையாக அவர்களுள் ஒருவர் உடன்வரும் நடையில் கடிகாரம் இரண்டாம் இடத்துக்கு வருகிறது. அதுவே அதற்குரிய இடம். வீட்டில் நில அளவைத் துறையின் தாளைப் பார்த்துத் திட்டமிட்டு, காட்டில் ஊர்க்காரரின் சொல்லைக் கேட்டு நடந்து, தடத்தைப் பதியவும் திரும்பவும் கடிகாரத்தைக் கொள்வதே இம்மலைகளுக்குத் தகுந்த முறை.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின்கீழ் பதினான்கு மாவட்டங்களில் நாற்பது தடங்களை அறிவித்தபோது, அண்டை மாவட்டங்களான சேலமும் கிருஷ்ணகிரியும் அதில் இடம்பெற்றன, தருமபுரி இடம்பெறவில்லை. அனுமதிக்கப்பட்ட தடம் எதுவென்று அரசு சொல்லாத இடத்தில், அனுமதியற்ற தடங்களே கடிகாரத்துக்குக் கடிகாரம் பரவும். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் ஊராரின் ஒப்புதலோடு சில தடங்களைத் தேர்ந்து, பருவமும் எல்லையும் குறித்த கோப்பாக வனத்துறை வெளியிட வேண்டும். அதுவரை, ஊர் மக்களோ வனத்துறையோ அறியாத தடங்களைப் பதிந்தவர்கள் அவற்றைப் பொதுவில் பகிராமலிருக்க வேண்டும்.