அரைப் பேர்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். மலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. கிளினிக் நாளில் ஒரு பெண் டவுனுக்கு பஸ் ஏறுவாரா, கூடையை மாட்டுவாரா என்பதைப் பல வேளைகளில் இந்தப் பேர்தான் முடிவுசெய்கிறது. மருத்துவத் தகவல் முறைகளையும் செயற்கை நுண்ணறிவையும் ஆராய்பவர்கள் இந்தத் தோட்டங்கள் இருக்கும் ஊவா மாகாணத்துக்கு வந்தால், முதலில் இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்வது நல்லது.

இலங்கை இத்துறையில் பின்தங்கிய நாடல்ல. ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளை, கொவிட் நோயாளரைக் கண்காணிப்பதற்கென 2020 ஜனவரியிலேயே மாற்றியமைத்தது இங்குள்ள குழு. பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. உரிமக் கட்டணம் கிடையாது, உள்ளூர் ஆட்களே திருத்திக்கொள்ளலாம். இதைப் பாராட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிக்கல் கிளினிக் கவுண்டரில் தொடங்குகிறது. பொலித்தீன் பைக்குள் கிளினிக் கொப்பி, மடிப்பில் கிழிந்த மருந்துத் துண்டு. லெட்சுமி ஒரு தடவை லக்ஷ்மி, அடுத்த தடவை லெச்சுமி. விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொல்வார். அதே விலாசம் அந்த லய வீட்டு வரிசை முழுவதற்கும் பொருந்தும். கணினிக்கு ஒருவர் இருவராகிறார், சில சமயம் இருவர் ஒருவராகிறார்கள். ஆளுக்கொரு சுகாதார எண் கொடுப்பது இதற்கு நல்ல மருந்துதான். ஆனால் எண் கொடுக்கும் அன்றே பெயர் பிழையாக விழுந்தால், அந்தப் பிழைக்கும் நிரந்தர எண் கிடைத்துவிடும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் நோயாளரின் தேவையை மதிப்பிட்ட ஒரு மென்பொருள், மருத்துவச் செலவையே நோயின் அளவாக எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தவருக்குச் செலவிடப்பட்டது குறைவு. ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள். 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, இதைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும். தோட்டத்தில் செலவுக்குப் பதில் வருகையை வைத்துப் பாருங்கள். பேர் போய்விடும் என்று கிளினிக்குக்கு வராதவர், பதிவேட்டில் ஒன்று சுகமானவர், இல்லையேல் பொறுப்பில்லாதவர்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களையும் சேர்த்துப் பழக்கிய கூகுளின் விழித்திரை நோயைக் கண்டறியும் கருவி, 2016ஆம் ஆண்டு ஆய்விதழில் அசத்தியது. ஆனால் தாய்லாந்துச் சிகிச்சை நிலையங்களில் தரம் போதவில்லையென்று 21 சதவீதப் படங்களைத் தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர் இன்னொரு நாள், இன்னோரிடம் அலைய வேண்டும். தன் தோல்வியை கூகுள் குழுவே 2020இல் எழுதி வெளியிட்டது. அந்த நேர்மை இத்துறையில் அபூர்வம். தோட்டத்து மொழியில் சொன்னால், அது இன்னொரு பேர் போன கதை.

இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வு, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம் என்று காட்டியது. வீடு வீடாகப் போய் அளந்ததால் கிடைத்த கணக்கு அது. கிளினிக் வாசலில் காத்திருந்தால் வராதவர்களைப் பற்றித் தெரியாது. தோட்ட ஆபீஸில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு இருக்கிறது; யாருக்கு எந்த நாளில் பேர் விழுந்தது என்பது அதில் உண்டு. தொழிலாளரின் சம்மதத்தோடு அதையும் கிளினிக் பதிவையும் சேர்த்துப் படிக்கலாம். நோய்க்கணக்கு தோட்டக் கம்பெனியின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதிலும் பெரிய வேலை.